கோரலும் போட்டோஷாப்பும் புது வெர்ஷன்: மாறலாமா, இருப்பதையே ஓட்டலாமா?

டிடிபி கடை போட்டிருப்பவர், பிளெக்ஸ் டிசைன் பழகுகிறவர், கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பில் புக் என்று கிடைத்த வேலையை எடுத்துச் செய்யும் புதியவர், எல்லோருக்கும் வருடத்தில் ஒரு தடவையாவது இந்தக் கேள்வி வந்துவிடும். கோரல் (டிசைன் வரையும் சாஃப்ட்வேர்), போட்டோஷாப் (படம் திருத்தும் சாஃப்ட்வேர்) கம்பெனியிலிருந்து ‘புது வெர்ஷன் வந்தாச்சு’ என்று மெயில் வரும். யூடியூபில் ஒருவர் ஒரே கிளிக்கில் பேக்ரவுண்டை மாற்றிக் காட்டுவார். பக்கத்துக் கடைக்காரர் மாறிவிட்டார் என்று காதில் விழும். உடனே கை துறுதுறுக்கும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புது வெர்ஷனில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்து முடிவெடுக்காதீர்கள். உங்கள் பழைய ஃபைல் அதில் ஒழுங்காகத் திறக்கிறதா, நீங்கள் அடிக்கும் தமிழ் சிதையாமல் வருகிறதா, ஃபைலை வாங்கிக்கொள்ளும் பிரஸ்காரரால் அதைத் திறக்க முடிகிறதா என்று பார்த்து முடிவெடுங்கள். இதில் தமிழ்தான் பெரிய தலைவலி. கம்பெனிக்காரர்கள் போடும் விளம்பரத்திலோ ஆங்கில வீடியோக்களிலோ அதைப் பற்றி ஒரு வரி இருக்காது. அதனால் இங்கே அதற்குத்தான் அதிக இடம்.

படி 1: எதற்காக மாறப் போகிறீர்கள்?

ஒரு தாளில் ஒரே வரியில் எழுதுங்கள். “கஸ்டமர் அனுப்பும் ஃபைல் எனக்குத் திறக்கவில்லை”, “புது கம்ப்யூட்டரில் பழைய சாஃப்ட்வேர் ஏறவில்லை”, “வாட்ஸாப்பில் வரும் தமிழ் மேட்டரை அப்படியே ஒட்ட முடியவில்லை” என்று எழுத முடிந்தால் அது காரணம். “புதுசா நிறைய டூல் வந்திருக்கு” என்பதற்கு மேல் எழுத வரவில்லை என்றால் இந்த வருடம் சும்மா இருக்கலாம், ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

ஒரு விதிவிலக்கு உண்டு. போட்டோ ஸ்டுடியோ வேலை, அதாவது ஆல்பம், பழைய படத்தைச் சரிசெய்வது, கூட்டத்தில் ஒருவரை எடுத்துவிட்டு இன்னொருவரை வைப்பது போன்றவைதான் உங்கள் பிழைப்பு என்றால், போட்டோஷாப்பின் புதிய செலக்‌ஷன் டூல்களும், சொன்னதைப் படத்தில் தானே வரைந்து நிரப்பும், 2023-ல் முழுமையாக வெளிவந்த ஜெனரேட்டிவ் ஃபில்லும் உண்மையாகவே நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் ஜெனரேட்டிவ் ஃபில் உங்கள் கம்ப்யூட்டரில் ஓடுவதில்லை. படம் நெட் வழியாக அவர்கள் சர்வருக்குப் போய்த் திரும்புகிறது, ஒவ்வொரு தடவைக்கும் கிரெடிட் கழிகிறது. நெட் சரியில்லாத ஊரில் கடை வைத்திருப்பவர் இதை நம்பி மாற வேண்டாம்.

படி 2: கையில் இருப்பது எந்த வெர்ஷன்?

ஹெல்ப் மெனுவில் அபவுட் போட்டுப் பாருங்கள். ‘கோரல்’ என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டிருப்போம், ஆனால் நம்பர் தெரிந்தால்தான் அடுத்த படிகள் பொருந்தும். கோரல்டிராவில் 12 என்பது 2004-ல் வந்தது. எக்ஸ்3 2006, எக்ஸ்4 2008, எக்ஸ்5 2010, எக்ஸ்6 2012, எக்ஸ்7 2014, எக்ஸ்8 2016. அதற்குப் பிறகு வருடத்தையே பெயராக வைத்துவிட்டார்கள்.

அடோபி பக்கம், பல கடைகளில் இன்னும் காணக்கிடைக்கும் போட்டோஷாப் 7.0 வந்தது 2002-ல். ஒரு தடவை பணம் கட்டி வாங்கிச் சொந்தமாக வைத்துக்கொள்ளும் முறையில் கடைசியாக வந்தது 2012-ன் சிஎஸ்6. 2013-லிருந்து எல்லாம் சிசி, அதாவது கிரியேட்டிவ் கிளவுட், சந்தா கட்டினால்தான் ஓடும். புத்தகப் பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கரின் 7.0 வந்தது 2001-ல். அதோடு அந்த வரிசையே நின்றுவிட்டது, அந்த இடத்தில் வந்ததுதான் இன்டிசைன். பேஜ்மேக்கருக்குப் புது வெர்ஷன் எங்கே கிடைக்கும் என்று இன்னும் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். கிடைக்காது.

சந்தாக்காரர்களுக்கு இன்னொரு விஷயம். கிரியேட்டிவ் கிளவுடில் பொதுவாக இப்போதைய பெரிய வெர்ஷனையும் அதற்கு முந்தையதையும் மட்டும்தான் இறக்கிக்கொள்ளக் கொடுக்கிறார்கள். அதனால் ‘மாறலாமா’ என்று யோசிக்க அதிகபட்சம் ஒரு வருட அவகாசம்தான். ஒரே தடவை பணம் கட்டி வாங்கியவருக்கு அந்த நெருக்கடி இல்லை.

படி 3: தமிழ்

இரண்டு வகையான தமிழ் நம் கம்ப்யூட்டர்களில் குடியிருக்கிறது. ஒன்று பாமினி, டாம், டாப் மாதிரியான பழைய குறியாக்க ஃபாண்ட்கள். இவற்றில் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை நீங்கள் அடிப்பது ஆங்கில எழுத்துதான். அந்த எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவே. இன்னொன்று யூனிகோடு. போனில் அடிப்பது, வாட்ஸாப்பில் வருவது, செய்தித் தளங்களில் படிப்பது எல்லாம் இது. இதில் கொம்பு, கால், புள்ளி எங்கே உட்கார வேண்டும் என்பதை சாஃப்ட்வேர் சேர்த்துக் காட்ட வேண்டும். பழைய வெர்ஷன்களுக்கு அந்தச் சேர்க்கும் வேலை தெரியாது.

கோரலில் இந்த வசதி வந்தது எக்ஸ்6-ல். எழுத்துகளைக் கையாளும் எஞ்சினையே அப்போது மாற்றினார்கள். எக்ஸ்5-ம் அதற்கு முந்தியதும் வைத்திருப்பவருக்கு, யூனிகோடு தமிழுக்காக மாறுவது என்றால் அது நியாயமான காரணம். ஏற்கெனவே எக்ஸ்7, எக்ஸ்8 வைத்திருப்பவருக்கு இந்தக் காரணம் பொருந்தாது, வேறு ஏதாவது இருக்க வேண்டும். அடோபியில் இன்டிசைனுக்கு எல்லைக்கோடு சிஎஸ்6. தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்கான ஆதரவு அதில்தான் முறையாகச் சேர்ந்தது. ஆனால் வசதி இருந்தால் மட்டும் போதாது, அதை முடுக்கிவிட வேண்டும். இன்டிசைனில் பாராகிராஃப் பேனலின் ஓரத்து மெனுவில் அடோபி வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். போட்டோஷாப்பில் பிரிஃபரன்சஸ், டைப் பகுதியில் தெற்காசிய மொழிகளுக்கான வேர்ல்டு-ரெடி லேஅவுட் என்ற ஆப்ஷன் உங்கள் வெர்ஷனில் இருந்தால் அதைப் போட வேண்டும். அடோபியின் வரையும் சாஃப்ட்வேரான இல்லஸ்ட்ரேட்டரில் அதே டைப் பகுதியில் ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ் என்று ஒரு டிக் இருக்கிறது. புது வெர்ஷன் போட்டும் தமிழ் உடைகிறது என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேர் இந்த ஒரு டிக்கைப் போடாதவர்களாகத்தான் இருப்பார்கள்.

சோதிக்க ஒரு வரி வைத்துக்கொள்ளுங்கள்: ‘கொக்கு கோழி கௌரி ஸ்ரீ க்ஷேமம் தூது கைப்பை’. இதை நோட்பேடில் யூனிகோடில் அடித்து, டிசைன் சாஃப்ட்வேரில் ஒட்டி, யூனிகோடு ஃபாண்ட் ஒன்றைக் கொடுங்கள். ‘கொ’வில் ஒற்றைக் கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் நின்றாலோ, புள்ளி எழுத்தின் தலையில் உட்காராமல் தனியாக ஒரு புள்ளி வட்டத்தின் மேல் நின்றாலோ, ‘ஸ்ரீ’ இரண்டு துண்டாகப் பிரிந்தாலோ அந்த வெர்ஷன் உங்களுக்கு உதவாது, அல்லது செட்டிங் போடவில்லை. ஒட்டிப் பார்த்ததோடு விடாமல் அதே வரியை அந்த சாஃப்ட்வேரிலேயே நேராகவும் அடித்துப் பாருங்கள். ஒட்டும்போது சரியாக வந்து, அடிக்கும்போது சொதப்பும் கூட்டணிகளும் உண்டு.

இது ஒரு பக்கம். புது வெர்ஷனுக்குப் போனதும் பழைய ஃபாண்ட்கள் படுத்தும் பாடு இன்னொரு பக்கம்.

பாமினியில் சின்ன எழுத்து ஒரு தமிழ் எழுத்து, அதையே கேப்பிட்டலில் அடித்தால் வேறு தமிழ் எழுத்து. த என்ற எழுத்து இருக்கும் கீயை ஷிப்டோடு அடித்தால் து. சாஃப்ட்வேருக்கு நாம் தமிழ் அடிக்கிறோம் என்று தெரியாது, ஆங்கில வாக்கியம் என்றே நினைத்துக்கொள்ளும். புதிதாக நிறுவிய வெர்ஷனில் ‘வாக்கியத்தின் முதல் எழுத்தைக் கேப்பிட்டல் ஆக்கு’ என்ற குயிக்கரெக்ட் வசதி போட்டிருந்தால், நீங்கள் ‘தமிழ்’ என்று அடிப்பீர்கள், ஸ்பேஸ் தட்டியதும் அது ‘துமிழ்’ ஆகி நிற்கும். அரைப்பக்க மேட்டரில் இது கண்ணில் படவே படாது. பத்திரிகை அச்சாகி மாப்பிள்ளை வீட்டார் கைக்குப் போன பிறகுதான் தெரியும். எனவே புது வெர்ஷன் ஏற்றியதும் முதல் வேலை: கோரலில் ஆப்ஷன்ஸ், டெக்ஸ்ட், குயிக்கரெக்ட் போய் அங்கே இருக்கும் எல்லா டிக்குகளையும் எடுத்துவிடுங்கள். மேற்கோள் குறியைத் தானாக வளைக்கும் வசதியையும் சேர்த்துத்தான், அந்தக் குறிகளின் இடத்திலும் பழைய ஃபாண்ட்களில் தமிழ் எழுத்து இருக்கலாம்.

சில பழைய ஃபாண்ட்களில் ஓரிரு எழுத்துகள் மாயமாவதும் உண்டு. ஃபாண்டில் 160, 173 ஆகிய குறியீட்டு எண்களில் வைத்த எழுத்துகள்தான் அநேகமாக மாட்டும். புதிய சாஃப்ட்வேர்கள் 160-ஐ உடையாத இடைவெளி என்றும், 173-ஐ வரி உடையும்போது மட்டும் தெரிய வேண்டிய ஹைஃபன் என்றும் எடுத்துக்கொள்கின்றன. எழுத்து இருக்கும், ஆனால் தெரியாது. உங்கள் முக்கியமான ஃபாண்ட் ஒவ்வொன்றிலும் உயிர், மெய், உயிர்மெய் முழுவதையும் ஒரு பக்கத்தில் அடித்து, பழைய வெர்ஷனில் ஒரு பிரின்ட், புதியதில் ஒரு பிரின்ட் எடுத்து ஒப்பிடுவதைத் தவிர இதைக் கண்டுபிடிக்கக் குறுக்கு வழி இல்லை. ஒரு மதியம் போகும், போகட்டும்.

டைப் 1 என்ற போஸ்ட்ஸ்கிரிப்ட் வகை ஃபாண்ட்கள் வைத்திருந்தால் அடோபி பக்கம் கதவே மூடிவிட்டது. போட்டோஷாப்பில் 2021-ல் நின்றது, இன்டிசைன், இல்லஸ்ட்ரேட்டரில் 2023 ஜனவரியோடு நின்றது. நம்மிடம் புழங்கும் பெரும்பாலான தமிழ் ஃபாண்ட்கள் ட்ரூடைப் என்பதால் பலருக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் பழைய புத்தக வேலை செய்த கடைகளில் இவை இருக்கலாம். ஃபாண்ட் ஃபோல்டரில் பிஎஃப்பி, பிஎஃப்எம் என்று முடியும் ஃபைல் இருக்கிறதா பாருங்கள்.

ஃபாண்ட் தொகுப்பை ஹார்டுவேர் லாக்கோடு வாங்கியவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த லாக்கின் (டாங்கிள்) டிரைவர் 64 பிட் விண்டோஸில் ஓடுமா என்று ஃபாண்ட் விற்றவரிடம் முதலில் கேளுங்கள். டிசைன் சாஃப்ட்வேர் அருமையாக ஓடி, தமிழ் கீபோர்டு மட்டும் எழுந்திருக்காத நிலை வரக்கூடாது.

யூனிகோடு வராத பழைய வெர்ஷனிலேயே இருந்துகொண்டு சமாளிக்க வழி உண்டா என்றால், உண்டு. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்றவற்றில் யூனிகோடு மேட்டரைப் பாமினிக்கோ டாமுக்கோ மாற்றி ஒட்டுவதைப் பல கடைகளில் தினமும் செய்கிறார்கள். அழைப்பிதழ், நோட்டீஸ் அளவுக்கு அது போதும். தொல்லை வருவது மேட்டரின் நடுவில் மெயில் ஐடி, ஆங்கிலப் பெயர் இருக்கும்போது. பழைய ஃபாண்டில் அவை தமிழ்க் குப்பையாக மாறும், ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து ஃபாண்ட் மாற்ற வேண்டும். இருநூறு பக்க மலரில் இதைச் செய்து பார்த்தவருக்குத் தெரியும். அரசு வேலைகளும் யூனிகோடில் கேட்கப்படுகின்றன. 2010-லேயே தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது, அது இயலாத மென்பொருள்களுக்கு டேஸ் 16 என்ற இன்னொரு தமிழ்க் குறியாக்கம்.

‘யூனிகோடில் அழகான ஃபாண்ட் இல்லையே’ என்பது பழைய குறை. இப்போது கூகுள் ஃபாண்ட்ஸில் காட்டமரான், முக்தா மலர், பாலூ தம்பி, ஹிந்த் மதுரை, மீரா இனிமை, பவனம், கவிவனார் என்று இலவசமாகவே கிடைக்கின்றன, வியாபார வேலைக்கும் பயன்படுத்தலாம். தலைப்புக்கு வேண்டிய அலங்கார எழுத்தில் மட்டும் பழைய ஃபாண்ட்களின் கை இன்னும் ஓங்கியிருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குப் பழைய ஃபாண்டில் தலைப்பை அடித்து கர்வ் ஆக்கி, அதாவது எழுத்தை வரைந்த வடிவமாக மாற்றி, வைத்துக்கொண்டால் தீர்ந்தது.

படி 4: ஃபைல் யாரிடம் போகிறது?

பொது விதி இதுதான்: புதியது பழையதைத் திறக்கும், பழையது புதியதைத் திறக்காது. நீங்கள் மாறி, பிரஸ் மாறாவிட்டால், ‘12-ல சேவ் பண்ணி அனுப்புங்க தம்பி’ என்ற போன் வரும். கோரலில் சேவ் ஆஸ் கொடுக்கும்போது வெர்ஷன் பட்டியல் இருக்கிறது. புது வெர்ஷன் வாங்கும் முன் அந்தப் பட்டியல் எவ்வளவு பழைய வெர்ஷன் வரை கீழே போகிறது என்று ட்ரையலில் பாருங்கள். உங்கள் பிரஸ் வைத்திருக்கும் வெர்ஷன் அதில் இல்லையென்றால் பிடிஎஃப்பில் கொடுக்கப் பழக வேண்டும், பிரஸ்காரரும் அதற்குச் சம்மதிக்க வேண்டும். இன்டிசைனில் இதே வேலைக்கு ஐடிஎம்எல் என்ற வடிவம் இருக்கிறது, சிஎஸ்4 முதல் எல்லாவற்றிலும் திறக்கும்.

கீழிறக்கி சேவ் செய்யும்போது புது வெர்ஷனில் மட்டும் இருக்கும் எஃபெக்ட் எதையும் பயன்படுத்தியிருந்தால் அது சிதையும் அல்லது படமாக மாறிவிடும். அதனால் முழு எழுத்தையும் கன்ட்ரோல் க்யூ போட்டு கர்வ் ஆக்கி ஒரு காப்பி, திருத்துவதற்காக எழுத்தாகவே ஒரு காப்பி என இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். கர்வ் ஆக்கிய ஒரே காப்பியை மட்டும் வைத்துக்கொண்டு, மறுநாள் ‘முகூர்த்த நேரம் மாறிடுச்சு’ என்று கஸ்டமர் வரும்போது முழிப்பது இந்தத் தொழிலில் சகஜம்.

கலர் விஷயத்தில் கோரலுக்கு எக்ஸ்5 ஒரு எல்லை. அதில் கலர் மேனேஜ்மென்ட் முழுவதும் மாற்றப்பட்டது. 12-ல் செய்த ஃபைலைப் புதியதில் திறந்தால் நீலமும் சிவப்பும் திரையில் வேறு மாதிரித் தெரியும். பயப்பட வேண்டாம், திரையை நம்பவும் வேண்டாம். அந்தக் கலர் கொடுத்த வடிவத்தைக் கிளிக் செய்து சிஎம்ஒய்கே எண்கள் (அச்சின் நான்கு மைகளின் அளவு) அப்படியே இருக்கின்றனவா என்று பாருங்கள். எண் மாறவில்லையென்றால் அச்சு பிளேட்டில் மாறாது. எண் மாறியிருந்தால் திறக்கும்போது கேட்ட கேள்விக்குத் தவறான பதில் கொடுத்திருக்கிறீர்கள், சேவ் செய்யாமல் மூடிவிட்டு மறுபடி திறங்கள்.

பேன்டோன் நம்பரில் (நம்பர் கொடுத்த தர நிறங்கள்) வேலை செய்பவர்கள், குறிப்பாக திருப்பூர் பக்கம் பனியன் பிரின்டிங், லேபிள் வேலை எடுப்பவர்கள், அடோபியில் மாறும் முன் ஒன்று அறிந்திருக்க வேண்டும். 2022-ன் கடைசியில் பெரும்பாலான பேன்டோன் கலர் புத்தகங்கள் அடோபி சாஃப்ட்வேர்களிலிருந்து எடுக்கப்பட்டன. அவை வேண்டுமென்றால் தனியே பேன்டோனுக்குச் சந்தா கட்ட வேண்டும். பழைய பிஎஸ்டியில் (போட்டோஷாப் ஃபைல்) அந்தக் கலர் இருந்தால் திறக்கும்போது கறுப்பாக வரக்கூடும்.

பேஜ்மேக்கரிலிருந்து இன்டிசைனுக்கு வருகிறவர்களுக்கு ஒரு பாலம்தான் உண்டு, அது சிஎஸ்6 வரைக்கும்தான். பேஜ்மேக்கர் 6, 7 ஃபைல்களை சிஎஸ்6-ம் அதற்கு முந்திய இன்டிசைனும் நேராகத் திறக்கும். சிசி எதுவும் திறக்காது. பழைய புத்தக ஃபைல்கள் குவிந்திருக்கும் இடத்தில் சிஎஸ்6 உள்ள ஒரு கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடாதீர்கள்.

படி 5: கம்ப்யூட்டர் தாங்குமா?

சாஃப்ட்வேர் விலையோடு கணக்கு முடிவதில்லை என்று இங்கேதான் புரியும். இன்றைய போட்டோஷாப்புக்கு 8 ஜிபி ரேம் என்பது குறைந்தபட்சம், நிம்மதியாக ஓட 16 வேண்டும். எஸ்எஸ்டி இல்லாமல் யோசிக்கவே வேண்டாம். கிராபிக்ஸ் கார்டு பழையதாக இருந்தால் சில வசதிகள் மெனுவில் மங்கிக் கிடக்கும். விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல். மேக் வைத்திருப்பவர்கள் 2019-ன் கேடலினாவிலிருந்து 32 பிட் சாஃப்ட்வேர் எதுவும் ஓடாது என்பதை நினைவில் வையுங்கள்.

கம்ப்யூட்டரோடு சேர்ந்த மற்ற சாமான்களையும் வரிசையாக எழுதுங்கள்: ஸ்டிக்கர் வெட்டும் கட்டிங் பிளாட்டர், பழைய ஸ்கேனர், பிரின்டர். பிளாட்டர் கம்பெனிகள் கொடுக்கும் பிளக்-இன் பெரும்பாலும் குறிப்பிட்ட கோரல் வெர்ஷன்களுக்கு மட்டும் ஒத்துவரும். பில் புக்குக்கு நம்பர் போடுவது, பக்கம் அடுக்குவது போன்றவற்றுக்கு யாராவது எழுதிக் கொடுத்த மேக்ரோ (வேலையைத் தானாகச் செய்யும் சிறு புரோகிராம்) வைத்திருந்தால் அதையும் புதியதில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

படி 6: கணக்கு

கோரலை சந்தாவாகவும் வாங்கலாம், ஒரே தடவை பணம் கட்டியும் வாங்கலாம். அடோபியில் சந்தா மட்டும்தான். விலை அடிக்கடி மாறுவதால் அன்றைய தேதியில் அவர்கள் தளத்தில் பாருங்கள், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்ததா என்றும் பாருங்கள். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் கம்பெனி பெயரில் பில் வாங்கி அந்த வரியை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம்.

சந்தாவை மாதக் கணக்கில் பார்த்தால் சின்னதாகத் தெரியும், மூன்று வருடக் கணக்கில் பாருங்கள். உதாரணத்துக்கு மாதம் 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மூன்று வருடத்தில் 72,000. அதன் மூலம் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் மிச்சமாகும், அந்த நேரத்தில் கூடுதல் வேலை வருமா என்று கேளுங்கள். வேலையே வராத கடைக்கு நேரம் மிச்சமாகி என்ன பயன்? அடோபியின் தனிநபர் சந்தாவை இரண்டு கம்ப்யூட்டரில் ஏற்றலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றில்தான் பயன்படுத்தலாம். மூன்று ஆட்கள் உட்காரும் கடைக்கு ஒன்று போதாது.

‘கிராக் போட்டுக்கலாமே’ என்று எவராவது சொல்வார். பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் 63பி பிரிவின்படி, தெரிந்தே திருட்டு நகலைக் கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 வருடம் வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. சட்டத்தை விட்டாலும், அந்த கிராக் ஃபைலை ஓட்ட ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்வார்கள். கஸ்டமர்களின் ஆதார், போட்டோ, சர்டிஃபிகேட் எல்லாம் கிடக்கும் கம்ப்யூட்டரில் அதைச் செய்யத் துணிகிறவரிடம் நான் என் ஆதாரைக் கொடுக்க மாட்டேன்.

பணம்தான் தடை என்றால் இலவச வழிகளைச் சோதியுங்கள். இங்க்ஸ்கேப் யூனிகோடு தமிழை நன்றாகச் சேர்த்துக் காட்டும், லோகோ, போஸ்டர் வரைய நல்லது. சிஎம்ஒய்கேயில்தான் பலவீனம். புத்தக வேலைக்கு ஸ்கிரைபஸ் 1.6, படத்துக்கு ஜிம்ப் 3.0 அல்லது கிரிட்டா. பத்து வருடம் கோரலில் பழகிய கைக்கு எரிச்சலாக இருக்கும். இப்போதுதான் தொடங்கும் கைக்கு அந்த எரிச்சல் இல்லை.

படி 7: ட்ரையல்

ட்ரையல் என்பது விளையாடிப் பார்க்க அல்ல, பரீட்சை வைக்க. அடோபியில் 7 நாள்தான் தருகிறார்கள், கோரலில் 15 நாள். அதனால் டவுன்லோடு செய்யும் முன்பே ஒரு ஃபோல்டரில் பரீட்சை ஃபைல்களைத் திரட்டி வையுங்கள். பழைய ஃபாண்டில் செய்த கல்யாணப் பத்திரிகை, டேபிள் நிறைந்த பில் புக், ஷேடோவும் டிரான்ஸ்பரன்சியும் குவிந்த பெரிய பிளெக்ஸ், பல பக்க மலர், பிரஸ்ஸிலிருந்து வந்த பிடிஎஃப். எல்லாம் உங்கள் வேலையில் உண்மையாக வந்தவையாக இருக்கட்டும், காப்பியாக இருக்கட்டும். ஒரிஜினலைப் புதியதில் திறந்து அதே பெயரில் சேவ் செய்துவிட்டால் பழையதில் மறுபடி திறக்காது.

ஐப்பசி, கார்த்திகையில் இதை வைத்துக்கொள்ளாதீர்கள், காலண்டர், டைரி வேலை உயிரை வாங்கும். தையிலிருந்து கல்யாண சீசன். ஆடி மாதம்தான் தோதானது, முகூர்த்த வேலை இருக்காது.

புதியதைப் பழையதன் பக்கத்திலேயே நிறுவுங்கள், பழையதை நீக்காதீர்கள். கிரியேட்டிவ் கிளவுடில் அப்டேட் கொடுக்கும்போது பழைய வெர்ஷனை நீக்கவா என்று ஒரு டிக் ஒளிந்திருக்கும், அதை எடுத்துவிடுங்கள். தானாக அப்டேட் ஆகும் வசதியையும் நிறுத்துங்கள். அதற்கு முன் ஃபாண்ட்கள், கலர் பேலட், ஆக்‌ஷன், மேக்ரோ, கீபோர்டு ஷார்ட்கட் எல்லாவற்றையும் வெளியே ஒரு பென் டிரைவில் எடுத்து வையுங்கள்.

பிறகு ஒவ்வொரு பரீட்சை ஃபைலையும் பழையதில் ஒரு பிரின்ட், புதியதில் ஒரு பிரின்ட், ஒரே பிரின்டரில் ஒரே பேப்பரில் எடுங்கள். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் கண்ணாடியில் வெளிச்சத்துக்கு எதிராகப் பிடியுங்கள். வரி எங்காவது கீழே இறங்கியிருந்தால், ஒரு சொல் அடுத்த வரிக்குத் தாவியிருந்தால், ஒரு புள்ளி காணாமல் போயிருந்தால் இரட்டை நிழலாக உடனே தெரியும். திரையில் பத்து நிமிடம் பார்த்தும் பிடிபடாதது இப்படி ஒரு நொடியில் பிடிபடும். கோரலில் எக்ஸ்6-க்கு முந்திய ஃபைல்களில் பாராகிராஃப் டெக்ஸ்ட் இடம் மாறுவதை அதிகம் எதிர்பாருங்கள்.

கடைசியாக ஒரு ஃபைலைப் பழைய வெர்ஷனுக்கு இறக்கி பிரஸ்ஸுக்கு அனுப்பி, “அண்ணே, திறந்து பார்த்து சொல்லுங்க, பிளேட் போட வேண்டாம்” என்று கேளுங்கள். அவர் சொல்வதுதான் தீர்ப்பு.

படி 8: மாறுவது என்றால், மாறாவிட்டால்

மாறுவதாக முடிவானால் ஒரு குறிப்பிட்ட தேதியிலிருந்து வரும் புது வேலைகளை மட்டும் புதியதில் செய்யுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் வேலையை நடுவில் மாற்றாதீர்கள். கடையில் இருவர் இருந்தால் இருவரும் ஒரே நாளில் மாற வேண்டும். இல்லையென்றால் ஒருவர் சேவ் செய்ததை மற்றவர் திறக்க முடியாமல் நாள் முழுக்கச் சண்டைதான். ஃபைல் பெயரின் கடைசியில் வெர்ஷன் நம்பரைச் சேர்த்து எழுதும் பழக்கத்தை அன்றிலிருந்தே தொடங்குங்கள்.

மாறுவதில்லை என்றால் அதையும் ஒழுங்காகச் செய்யலாம். இன்ஸ்டால் சிடி அல்லது ஃபைல், சீரியல் நம்பர், ஃபாண்ட்கள் மூன்றையும் இரண்டு இடத்தில் வையுங்கள். ஆதரவு முடிந்த விண்டோஸில் ஓடும் டிசைன் கம்ப்யூட்டரில் மெயில், பேங்க் வேலை பார்க்காதீர்கள், முடிந்தால் நெட்டிலிருந்து கழற்றிவிட்டு, வாட்ஸாப்பில் வரும் ஃபைலுக்கு வேறொரு மெஷினைப் பயன்படுத்துங்கள். அந்தப் பழைய ஹார்டு டிஸ்க் ஓடும்போதே, திரும்பக் கேட்டு வரக்கூடிய வேலைகள் எல்லாவற்றையும் வாரத்துக்குக் கொஞ்சமாக பிடிஎஃப் ஆக்கி வையுங்கள், பேஜ்மேக்கர் ஃபைல்களிலிருந்து தொடங்குங்கள்.